கம்பத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்

பிப்ரவரி 11, ஞாயிறு

வீட்டில் மறுபடியும் முட்டை தீர்ந்துவிட்டது. தின்பது ஒருத்தி, வாங்கி வைப்பது நான். என் நாத்தனார் சங்கவிக்குக் காலையில் நான்கு, சாயங்காலம் இரண்டு. கல்லூரியில் கபடி ஆடுகிறாள். போன மாதம் மாவட்ட அணியில் ஜெயித்து ஒரு கோப்பை கொண்டுவந்தாள். மாமியார் அதில் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார். மூடி இல்லாததுதான் அந்தக் கோப்பைக்குக் குறையாம்.

"ஆடறதுக்கு ஒடம்புல சத்து வேணுமல்லங் நங்கையா" என்கிறாள் சங்கவி. அண்ணனின் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நீ திங்கறதப் பாத்தா ஆடப் போறவளாட்டத் தெரியல, உழுகப் போறவளாட்டத்தான் தெரியுது" என்றேன். அதற்கும் ஈயென்று இளிக்கிறாள். சூடு சொரணை கிடையாது.

காலையில் பால் கறந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. தொழுவத்துக் கதவில் இடித்துக்கொண்டேன். சங்கவிக்கும் முழங்கையில் சிராய்ப்பு. அந்தக் கதவை ஆசாரியிடம் சொல்லி இழைக்க வேண்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

மாட்டுச் சந்தையில் எவனோ மாமனாரிடம் போனை நீட்டி, "இது உங்க புள்ளைங்களா?" என்று கேட்டிருக்கிறான். சங்கவி ஆடிய வீடியோ. கால்சட்டையோடு ஆடுகிறாள். மனிதர் மாட்டைக்கூட விற்காமல் வீடு திரும்பிவிட்டார்.

"தொடை தெரிய ஆடறாளே, நான் ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கோணுமா வேண்டாமா?" என்று நடுவீட்டில் நின்று கத்தினார். இதே மனிதர்தான் வருஷாவருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஆண்கள் கபடி நடத்தி முதல் கோப்பை கொடுக்கிறவர். அங்கே ஐம்பது தடியன்கள் அதைவிடச் சின்ன கால்சட்டையில் புரளுவான்கள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டி ரசிப்பார். அப்போதெல்லாம் தலை நன்றாக நிமிர்ந்துதான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று "ஆமாங்ப்பா, ஆமாங்ப்பா" என்றார். பூம்பூம் மாடாவது ஒருநேரம் தலையாட்டாமல் நிற்கும்.

வீடியோவை நானும் பார்த்தேன். எனக்கென்ன தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: வலது பக்கம் போகப் போகிறாள் என்பதை அவள் தோள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள்கூட அவளைப் பிடித்துவிடுவாள்.

பிப்ரவரி 21, புதன்

தவிடு, புண்ணாக்கு இறக்கினார்கள். சேலைக் கொசுவம் கிழிந்துவிட்டது, வேலி முள். சங்கவியின் தோள் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சங்கவிக்குப் பயிற்சி கொடுக்கிறவர். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிற முகாம் மார்ச் பதினாலாம் தேதி சென்னையில் தொடங்குகிறதாம். முகாமுக்குப் போனால்தான் அணியில் எடுப்பார்கள். இருபது வயது முடியப் போகிறது, இந்த வருஷம் விட்டால் அந்த அணிக்கு வயது தாண்டிவிடும் என்றார்.

மாமனார் டீச்சருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மரியாதையில் குறை வைக்கமாட்டார். "வயசு தாண்டறதப் பத்தித்தானுங் நாங்களும் யோசிக்கறோம். அடுத்த ஞாயித்துக்கெழம உடுமலைல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க" என்றார். டீச்சர் பாதி இளநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

சங்கவி கிணற்றடியில் போய் அழுதாள். அழுகிறவளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. "அழுது முடிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

உடுமலைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கோழிப்பண்ணை. எங்கள் வாசலில் மூன்றே படி. அதை ஏறி வந்ததற்கு மூச்சு வாங்கி, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சங்கவியை இந்தப் பக்கம் நடக்கச் சொன்னாள், அந்தப் பக்கம் நடக்கச் சொன்னாள். மாமனார் சந்தையில் மாட்டை இந்த அளவுக்குத் திருப்பிப் பார்க்கமாட்டார். கையைப் பிடித்து விரல் கணுக்களில் இருந்த தழும்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆடுன காலு வீட்டுல நிக்குங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் நிறுத்தியாச்சுங்க" என்று மாமியார் பறந்தார்.

மாப்பிள்ளை பெருந்தன்மைக்காரர். "கல்யாணத்துக்குப் பொறவுகூட ஆடட்டுமுங், நம்ம தோட்டத்துக்குள்ளயே" என்றார். தோட்டத்துக்குள் யாரோடு ஆடுவது, கோழிகளோடா? எனக்குச் சிரிப்பு வந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

பெண் பிடித்திருக்கிறதாம். நோம்பி முடிந்து நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். "முகாமுக்கு மட்டும் போயிட்டு வந்துடறனுங்ப்பா" என்று சங்கவி கேட்டாள். மாமனார் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

மார்ச் 5, செவ்வாய்

பஞ்சாங்கத்தில் என்ன தேடினார் என்று இன்றைக்குத் தெரிந்தது. மாரியம்மன் நோம்பி வழக்கமாக ஏப்ரலில்தான் வரும். கோயில் கமிட்டிக்கு மாமனார்தான் தலைவர். இந்த வருஷம் வெயில் அதிகம், தண்ணீர்க் கஷ்டம், முன்னாடியே வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார். அம்மனிடம் பூ வாக்குக் கேட்டார்கள். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. முதலில் சிவப்பு வந்தது. பூசாரி சரியாகக் கும்பிடவில்லை என்று மாமனார் மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை அம்மனுக்கே சலித்துப்போய் வெள்ளையைக் கொடுத்துவிட்டாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் தேதி பொழுது சாய கம்பம் நடுகிறார்கள். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து அம்மன் முன்னால் நடுவதுதான் கம்பம். நட்ட நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கம்பத்தைப் பிடுங்கும் வரை ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தாளிக்கக்கூடாது, கறி மீன் முட்டை கூடாது. பிடுங்குவது இருபத்தேழாம் தேதி. சங்கவியின் முகாம் இருபத்தைந்தாம் தேதியே முடிந்துவிடும்.

சென்னைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பி வருவதற்கு ராக்கெட்தான் வேண்டும்.

"நான் வேண்டாங்கலியே அம்மிணி, சாமி குத்தமாயிருமல்லொ" என்று மகள் தலையைத் தடவிக் கொடுத்தார். தான் செய்வதற்குச் சாமியைக் கூலிக்கு வைக்கிற இந்தச் சாமர்த்தியம் பெரிய படிப்புப் படித்தவனுக்கும் வராது.

விளையாட்டாக நினைக்க முடியாது. போன வருஷம் லாரி டிரைவர் பழனிசாமி அச்சு முறிந்து ஓசூரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டான். ஊரே பார்க்க அவனை ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருள வைத்தவர் மாமனார்தான்.

மார்ச் 6, புதன்

சங்கவி சாப்பிடவில்லை. தட்டை அவள் முன்னால் வைத்து, "கம்பத்த இன்னும் நடுல. அதுக்குள்ள எதுக்கு எழவு காக்கற?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். ஐந்து முட்டை.

மார்ச் 10, ஞாயிறு

நோம்பிக்கு எடுத்த சேலைக்கு ரவிக்கை தைத்து வந்தது. தழும்பும் புஜமும் தெரியக்கூடாதென்று மாமியார் முழங்கை வரை கை வைக்கச் சொல்லியிருந்தார். சங்கவி போட்டுப் பார்த்தாள். புஜத்துக்குப் பாதியில் நின்றுவிட்டது. மாமியாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். படார் என்று தையல் விட்டது. தாராபுரத்து டைலர் பாவம், பெண்பிள்ளைக் கைக்கு அளவு எடுத்திருக்கிறார்.

மாமியாருக்குக் கோபம் என் மேல் திரும்பியது. "நீதான் இவளுக்கு எளக்காரம் குடுக்கற. விடியக்காலத்துல ரெண்டு பேரும் களத்துல கட்டிப் பொரளறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஊட்டு மருமக பண்ற காரியமா இது?"

பொய். நான் மாட்டுக்குச் சாணி அள்ளத்தான் களத்துக்குப் போகிறேன். அந்த நேரத்தில் அவள் குறுக்கே வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வீட்டில் நேரே வருகிறவர்கள் யாரும் கிடையாது.

மார்ச் 12, செவ்வாய்

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, மாவிளக்குக்கு மாவு இடித்த கை.

மத்தியானம் மாமியாரிடம், "ரவிக்க இன்னும் அப்படியே கெடக்குதுங் அத்தை. நோம்பிக்கு ஒடுத்தோணுமே. இவளே போயி அளவு குடுத்தாத்தான் ஆகும்" என்றேன். மாமியார் என்னையும் கூடப் போகச் சொன்னார். "அப்ப மாவ யாருங் இடிக்கறது?" என்று கேட்டேன். மாவு இடிப்பது என்று வந்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் இடுப்பு வலிதான். "சரி, வெரசா வந்துரோணும்" என்று அவளை மட்டும் இரண்டு மணி டவுன் பஸ்ஸுக்கு அனுப்பினார்.

ரவிக்கைப் பை கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. டைலருக்கு மாதிரி பார்க்க நாலைந்து துணி வேண்டியிருக்கும். அடியில் என்ன இருந்தது என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன். பஸ் ஏறும்போது "நங்கையா" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கோட்டத் தொடாம திரும்பி வந்துறாத. பஸ்ஸப் பாரு, போகுது" என்றேன்.

ஐந்து மணி பஸ் அவள் இல்லாமல் வந்தது. மாமியார் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தார். மாமனார் கம்பத்தோடு இருந்தார். தாரை தப்பட்டைச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கம்பத்தைக் குழியில் இறக்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எல்லாரும் விழுந்து கும்பிட்ட பிறகுதான் மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் காதில் போய்ச் சொன்னார்.

தப்பட்டை கொஞ்சம் தணிந்தது, சரியாக அப்போது அவர் போனே அடித்தது. சத்தமாகப் பேசுகிற பழக்கம் அவருக்கு, எதிர்ப்பக்கமும் வெளியே கேட்கிற மாதிரி வைத்துக்கொள்வார். "அப்பா, நான் டீச்சர்கூட ஈரோடு டேசன்ல இருக்கறனுங். கம்பம் நட்டுட்டாங்ளா?"

"நட்டாச்சு. மருவாதியா வண்டியேறி ஊடு வந்து சேரு."

"நான் ஊர்ல இல்லீங்களேப்பா. கம்பத்துக்குக் கட்டுப்பட்டவ இல்லீங் நானு. முகாம் முடிஞ்சதும் வர்றனுங்." வைத்துவிட்டாள்.

மாமனார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "டேய், கார எடு. ஈரோட்டுல உட்டாலும் மெட்ராசுல புடிச்சரலாம்" என்றார். அப்பாவும் மகனும் நான்கு எட்டு வைத்திருப்பார்கள். லாரி டிரைவர் பழனிசாமி கம்பத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான். ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

"தலைவரே, இந்நேரத்துக்கு எங்கீங் கெளம்பிட்டீங்க? பொழுது உழுந்துருச்சுங்ளே."

தப்பட்டைக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமனார் கம்பத்தைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "எங்கியும் போகலப்பா. வண்டிய நெழல்ல நிறுத்தலாமுன்னு" என்றார்.

இருட்டில் என்ன நிழலோ.

மார்ச் 13, புதன்

காலையில் எனக்கு விசாரணை. "நீ போயி கூட்டிட்டு வா அம்மிணி, உன்ற அண்ணனத் தொணைக்கு வெச்சுக்க" என்றார் மாமனார். "நானும் கம்பத்துக்குக் கட்டுப்பட்டவளாச்சுங்களே மாமா. சாமி குத்தமாயிருமுங்" என்றேன். மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரருக்கு வீரம் வந்தது. "நீதானடி அனுப்புன" என்று கையை ஓங்கினார். மணிக்கட்டைப் பிடித்தேன். விட்டுவிடு என்றார், விடவில்லை. இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். பிடிபட்டவன் கோட்டைப் பார்த்துப் பாய வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அனுபவம் கிடையாது. பால் பொங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன்.

மார்ச் 18, திங்கள்

உடுமலை மாப்பிள்ளை வேறு ஊர், அவரைக் கம்பம் கட்டுப்படுத்தாது. சென்னைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிவரும்படி மாமனார் அவரைக் கேட்டிருக்கிறார். அவருக்குப் பஸ்ஸில் நெடுந்தூரம் போனால் தலை சுற்றுமாம்.

மார்ச் 21, வியாழன்

தாளிக்காத ரசம், தாளிக்காத பருப்பு. முட்டைச் செலவு மிச்சம். சாணி அள்ளக் களத்துக்குப் போனேன். அள்ளிவிட்டு வந்துவிட்டேன். வேறு வேலை இல்லை.

மார்ச் 26, செவ்வாய்

ஜெசிந்தா டீச்சர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். எடுத்துவிட்டார்களாம். கடைசி நாள் ஆட்டத்தில் ரயில்வேக்கு ஆடுகிற பெண்கள் நான்கு பேர் வளைத்தும் கோட்டைத் தொட்டுவிட்டாளாம். "அவ எந்தப் பக்கம் போவான்னே அவங்களுக்குத் தெரியலம்மா" என்றார்.

மாட்டுத் தொழுவத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அழுகிறவளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது என்று முன்னால் எழுதியிருக்கிறேன். என்னையும் பிடிக்கவில்லைதான், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. பெயருக்கு முன்னால் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும். காலையிலிருந்து வீட்டில் கூட்டம். போலீஸில் வேலை கிடைக்கும், ரயில்வேயில் கிடைக்கும் என்கிறார்கள். உடுமலையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "அன்னிக்கே எனக்குத் தெரியுமுங், அது ராசியான காலு" என்றாளாம். மாமியார் கோப்பையிலிருந்து வெந்தயத்தைக் கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கூடத்தில் வைத்தார்.

மார்ச் 31, ஞாயிறு

சங்கவி இன்று காலை வந்தாள். சாயங்காலம் கோயில் மைதானத்தில் பாராட்டு விழா. பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நீர்மோர் ஊற்றுவது என் வேலை.

மேடையில் மாமனாருக்குப் பொன்னாடை. சங்கவிக்கு ஒன்று, அவருக்கு மூன்று. மைக்கைப் பிடித்தார். "பொம்பளப் புள்ளைகள அடக்கி வெக்கற காலமெல்லாம் போயிப்போச்சுங். நோம்பியக் காரணம் காட்டி என்ற புள்ளையோட வாழ்க்கை நின்னுறக் கூடாதுன்னு, கம்பம் நடறதுக்கு முந்தியே நாந்தான், அம்மிணி நீ கெளம்புன்னு பஸ் ஏத்தி உட்டேன்."

கை தட்டினார்கள். பழனிசாமி விசிலடித்தான். எனக்கு மோர்க் குண்டாவை மேடை மேல் வீச வேண்டும் போல இருந்தது. சங்கவி குனிந்து நின்றாள். அவள் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் நிறுத்தவில்லை. "மே மாசம் பெரிய ஆட்டம் இருக்குதுங். அது முடிஞ்சா ஆவணியில உடுமலை மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுக்கறோம். தங்கமான சனம். கல்யாணத்துக்குப் பொறவும் புள்ள ஆடட்டுங்கறாங்க."

என்னைப் பெண் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் இதே மனிதர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அப்போது நான் ஈரோடு மாவட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன் என்று நம்பித் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்த ஏழாம் நாள் என் காலணியை மாமியார் கோழிக்கூண்டின் மேல் தூக்கிப் போட்டார். இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மேடையில் சங்கவியின் தலை சரியென்று ஆடுவதற்குத் தயாரானது. பெண்பிள்ளைகளின் தலைக்கு அது பழக்கம். அதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குத் தெரிகிற மாதிரி எழுந்து நின்றேன். இல்லை என்று தலையை அசைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஈ விரட்டுகிற மாதிரிதான். ஆனால் பக்கத்தில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். மேடையிலிருந்து மாமனாரும் பார்த்தார்.

சங்கவி அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ஆவணியில கல்யாணம் வேண்டாமுங்ப்பா. நான் இன்னும் ஆடோணும். நானாச் சொல்லும்போது பாத்துக்கலாமுங்."

அதுவரை கரகரத்துக்கொண்டிருந்த மைக் செட் அந்த நேரம் பார்த்து ஒழுங்காக வேலை செய்தது. மேட்டுத் தெரு வரைக்கும் கேட்டதாம்.

ஏப்ரல் 1, திங்கள்

விடியற்காலை பஸ்ஸில் சங்கவி பயிற்சிக்குப் போய்விட்டாள். முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்தேன். உடுமலையிலிருந்து இன்னும் போன் வரவில்லை, வராது. வீட்டுக்காரர் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார், பசித்தால் வருவார். மாமியார் கூடத்தில் படுத்திருக்கிறார். மாமனார் என் கையால் காப்பி வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என்ற புள்ள வாயில்லாப் பூச்சிங். அதுக்கு ஒண்ணுந் தெரியாது. ஆடறதுல இருந்து எதுத்துப் பேசற வரைக்கும் ஒவ்வொண்ணாச் சொல்லிக்குடுத்துக் கெடுத்தவ இந்த மருமகதான்."

நேற்று மேடையில் அவ்வளவு பேசினார், அத்தனையும் பொய். இந்த வீட்டுக்கு வாழ வந்து பதினோரு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு உண்மையை அவர் வாயால் இன்றைக்குத்தான் கேட்கிறேன். பாத்திரம் விளக்க வேண்டியிருக்கிறது. தெருவில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களிடமும் சொல்வார். கதவோரமாகவே நிற்கிறேன்.